லாங் பஜார் சந்தில் கேசட் டெக் பார்க்கும் பாய் கடை

சித்தப்பா ராணிப்பேட்டை பெல்லில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியும் பதிவு செய்தும் சேர்த்த கேசட்டுகள் ஒரு ஷூ பெட்டி நிறைய எங்கள் பரணில் கிடந்தன. போன மாதம் இறக்கிப் பார்த்தால் ஒன்றுகூடப் பூசணம் பிடிக்கவில்லை, ஆனால் டெக்கில் போட்டால் பாட்டு தள்ளாடுகிறது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. காட்பாடியில் இரண்டு கடைகளில் "இதெல்லாம் இப்ப யாரும் பார்க்கிறதில்ல சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒருத்தர் சொல்லி லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற பாய் கடைக்குப் போனேன். வேலூரில் பழைய டெக் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம்.

பாய் டெக்கைத் திறக்கவே இல்லை. "எந்தப் பாட்டுல ஆடுதோ அதைப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்றார். நான் கொண்டுபோனது சித்தப்பா கையெழுத்தில் 'ஹ்யூமன் லீக், டேர்' என்று எழுதிய டிடிகே கேசட். ஹ்யூமன் லீக் என்ற இங்கிலாந்து ஷெஃபீல்டு இசைக்குழு 1981இல் போட்ட ஆல்பம்தான் 'டேர்'. தாளம் முழுக்க லின் என்ற டிரம் மெஷின், மற்றதெல்லாம் சிந்தசைசர். அரை நிமிடம் கேட்டவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த மாதிரி மிஷின் பாட்டுதான் டெஸ்ட்டுக்கு நல்லது. வயலின்ல லேசா ஆடினா கமகம்னு விட்டுடுவோம். இதுல ஆடுச்சுன்னா டெக்தான் ஆடுது, வேற காரணமே கிடையாது."

திறந்தால் ரப்பர் பெல்ட் உருகி வெல்லப்பாகு மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. அந்தக் கறுப்புப் பிசினை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தார், அவசரமே இல்லை. பெல்ட்டும், டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் சக்கரமான பிஞ்ச் ரோலரும் வாங்கி மாற்ற வேண்டும் என்று டெக்கை வைத்துக்கொண்டார். திரும்பப் போன அன்று என் கண் முன்னால் டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டின் பக்கத்து ஸ்குருவை மெல்லிய டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மந்தமாக 'தப் தப்' என்றிருந்த தாளத்துக்கு மேலே திடீரென்று 'ச்ச்' என்று ஹை-ஹாட் தாளத் தட்டின் ஒலி பளிச்சென எழுந்தது. அந்த ஒரு நொடிக்காகவே கொடுத்த 850 ரூபாயும் தகும்.

வீட்டுக்கு வந்ததும் நியூ ஆர்டர் குழுவின் 'ப்ளூ மண்டே' போட்டேன். 1983இல் வந்தது, ஏழரை நிமிடம் ஓடும். ஆரம்பத்தில் தனியாக வரும் அந்த டிரம் அடி ஒவ்வொன்றும் சுவரில் ஆணி அறைகிற மாதிரி நேராக விழுகிறது. சின்ன வயதில் இதெல்லாம் ஈரமில்லாத பாட்டு என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணம் யாஸூவின் 'ஒன்லி யூ' வந்ததும் மாறிவிட்டது. டெபெஷ் மோட் குழுவிலிருந்து முதல் ஆல்பத்தோடு விலகிய வின்ஸ் கிளார்க், அலிசன் மோயே என்ற பாடகியோடு சேர்ந்து 1982இல் செய்தது. கீழே சிந்தசைசர் துளிகூட அசையாமல் எண்ணி எண்ணி நடக்கிறது, மேலே அந்தப் பெண்ணின் கனத்த குரல். ஒரு வரி முடிகிற இடத்தில் குரல் லேசாக நடுங்குகிறது. இத்தனை நாள் அந்த நடுக்கத்தைப் பெல்ட்டின் நடுக்கத்திலிருந்து பிரிக்கவே முடியாமல் கேட்டிருக்கிறேன். நாலு தடவை ரீவைண்ட் பண்ணிக் கேட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றவர் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார், போன் போட்டால் பெரும்பாலும் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிடுவார். ஆனால் கழற்றிய பழைய ரோலரைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, என்ன மாற்றினேன் என்று காட்டித்தான் காசு வாங்கினார்.

சித்தப்பாவின் டூ-இன்-ஒன் ஒன்று குடியாத்தத்தில் அத்தை வீட்டில் கிடக்கிறது. அடுத்த வாரம் அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.