நின்றே கெடும் வைப்பர்: வீடாக மாற்றிய பஸ்ஸுக்கு பிரேமா, பிளாட்டா, சிலிக்கோனா?

பழைய பள்ளி பஸ்ஸைத் தரகரிடம் பேரம் பேசி வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீடாக மாற்றுகிறவர்கள், திரைச்சீலையின் நிறத்துக்குச் செலவிடும் யோசனையில் பாதியைக்கூட முன் கண்ணாடிக்குக் கொடுப்பதில்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நாளன்று வைப்பர் அசைந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் வண்டி நிற்பது பொள்ளாச்சியில். அடிக்கடி ஏறுவது வால்பாறை. ஆழியாற்றுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு. சின்னக்கல்லாறு பக்கம் மழை பிடித்துக்கொண்டால், எதிரே வருவது பைக்கா எஸ்டேட் லாரியா என்பதைக் கண்ணாடியில் அந்த நொடி எஞ்சியிருக்கும் தண்ணீர்தான் தீர்மானிக்கும். இந்தப் பாதையில் பிரேம், பிளாட், சிலிக்கோன் என்ற மூன்று வகை வைப்பரையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இன்று எங்கள் கண்ணாடியில் இருப்பது பழைய பாணி இரும்புப் பிரேம். காரணம் விலை மட்டும் அல்ல.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பிரேம் வைப்பரில் நடுவே ஒரு பெரிய வில், அதன் கீழே சின்ன விற்கள், அவற்றின் நுனிக் கொக்கிகள் ரப்பரைப் பிடித்திருக்கும். வைப்பரைத் தாங்கி அசைக்கும் கையான ஆர்ம் கொடுக்கும் அழுத்தம் அந்தக் கொக்கிகள் வழியே பிரிந்து கண்ணாடிக்குப் போகிறது. பிளாட் வைப்பரில் விற்கள் இல்லை. வளைத்துச் செய்த எஃகுப் பட்டை ஒன்றே நீளம் முழுவதும் ரப்பரை அழுத்துகிறது. சிலிக்கோன் என்பது வடிவம் அல்ல, ரப்பருக்குப் பதிலாக வரும் பொருள். நீளத்தைப் பொறுத்தவரை பழைய பிளேடை அளந்து அதையே வாங்குங்கள். இரண்டு அங்குலம் கூடப் போட்டால் பார்வை விரியும் என்று ஆசைப்பட்டால், ஒன்றோடொன்று முட்டும், இல்லையென்றால் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கில் ஏறி அடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். வழித்தடத்தில் தினமும் ஓடும் பஸ்ஸின் வைப்பர் ரப்பர் தேய்ந்து கெடுகிறது. வீடாக மாறிய பஸ்ஸின் ரப்பர் நின்றே கெடுகிறது. வண்டி மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். விடுமுறைக்கு மட்டும் நகரும். இயற்கை ரப்பருக்குக் காற்றில் உள்ள ஓசோனும் வெயிலின் புற ஊதாக் கதிரும் ஜென்மப் பகை. ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டிக்கிறது. மேற்பரப்பில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கண்ணாடியைத் தொடும் மெல்லிய இதழ், வைப்பர் திசை மாறும் ஒவ்வொரு முறையும் மறுபக்கம் புரள வேண்டும். நின்ற வண்டியில் அது ஒரே பக்கம் மடிந்தபடி வெந்து, அந்த மடிப்பிலேயே உறைந்துவிடும். போகும்போது பளிச்சென்று துடைத்துவிட்டு, வரும்போது டரடரவென்று துள்ளும் வைப்பரைப் பார்த்தால் பிளேடைக் குறை சொல்லாதீர்கள். அது நின்ற இடத்தைக் குறை சொல்லுங்கள். கண்ணாடி மேற்கே பார்த்து நின்றிருக்கும், பந்தயம் கட்டலாம்.

ஆக, என்ன விலை கொடுத்து வாங்கினாலும் இயற்கை ரப்பர் எங்கள் வண்டியில் ஒரு கோடையைத் தாண்டி ஒழுங்காக இருப்பதில்லை. அப்படியென்றால் கேள்வி எது நீண்ட நாள் உழைக்கும் என்பதல்ல. கெட்டுப்போகும்போது எதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கிறது என்பதுதான்.

பிரேம் வைப்பரில் எறிய வேண்டியது ரப்பர் பட்டையை மட்டும். பஸ், லாரி உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் நீளம் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். மாற்றுவது இப்படி: பிளேடைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால், ஒரு முனைக் கொக்கி மட்டும் ரப்பரின் பள்ளத்தில் இறுக உட்கார்ந்திருப்பது தெரியும். அதுதான் பூட்டு. அந்த முனையில் ரப்பரைக் குறடால் பிடித்துச் சற்று அமுக்கி இழுத்தால் பூட்டு விடுபடும். பிறகு பட்டை முழுவதும் வழுக்கி வெளியே வந்துவிடும். ரப்பரின் முதுகில் இருபக்கமும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். அவற்றைப் பழைய ரப்பரோடு குப்பையில் போட்டுவிடக் கூடாது; புது ரப்பரோடு எஃகுப் பட்டை வரவில்லை என்றால் இவைதான் கைகொடுக்கும். அவற்றின் வளைவு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, வெட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று கவனித்து அப்படியே புது ரப்பரில் செருகி, ஒவ்வொரு கொக்கியாகக் கோத்து, முன்பு பூட்டு இருந்த முனையிலேயே பூட்டி, மிஞ்சும் ரப்பரைக் கூரான கத்தியால் நறுக்கினால் வேலை முடிந்தது. கொக்கி ஒன்றை விட்டுவிட்டால் மட்டும் ஆபத்து. ஓட்டத்தில் ரப்பர் நழுவி இரும்பு கண்ணாடியில் உரசினால், அந்த அரைவட்டக் கீறல் கண்ணாடி இருக்கும்வரை இருக்கும். பழைய பஸ்கள் பலவற்றில் பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற அந்த வானவில்லைப் பார்க்கலாம்.

பிரேமின் உண்மையான குறை துரு. விற்கள் சேரும் மூட்டுகளில் துருவும் மண்ணும் சேர்ந்து இறுகினால், அந்த இடத்தில் அழுத்தம் போகாது. கண்ணாடியில் கையகல நீர்ப்பட்டை துடைபடாமல் நிற்கும். பிளேடைக் கையில் எடுத்து இரண்டு முனைகளையும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் எந்த மூட்டு வம்பு செய்கிறது என்று தெரிந்துவிடும். கடற்கரையில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எங்களைவிட அதிகம் இருக்கும்.

பிளாட் வைப்பர் பார்வைக்கு அழகு, மறுக்கவில்லை. பாஷ் நிறுவனம் 1999இல் ஏரோட்வின் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு கார்களில் அது பரவிவிட்டது. ஆனால் அதன் பெருமைகளைக் கேளுங்கள்: மூட்டுகள் இல்லாததால் பனி உறைந்து அடைக்காது, தாழ்வாக இருப்பதால் அதிவேகத்தில் காற்று தூக்காது. பொள்ளாச்சியில் எங்கே பனி உறைகிறது? செங்குத்துக் கண்ணாடியோடு மலையில் முப்பதில் ஏறுகிற வண்டிக்கு எந்த அதிவேகம்? பழைய பஸ்களின் கண்ணாடி பெரும்பாலும் தட்டை. கார் கண்ணாடியின் வளைவை மனதில் வைத்து வளைத்த பட்டையைத் தட்டைக் கண்ணாடியில் வைத்தால், முனைகள் அழுந்தும், நடுப்பகுதி மேம்போக்காகத் தடவும். ஓட்டுநர் பார்ப்பதோ அந்த நடுப்பகுதி வழியாகத்தான். மாட்டும் இடத்திலும் சிக்கல். கடையில் கிடைப்பவை அநேகமாக காரின் கொக்கி ஆர்முக்கானவை. பஸ் ஆர்மில் உட்கார இடையில் பிளாஸ்டிக் இணைப்பு வேண்டும். அந்த பிளாஸ்டிக் வெயிலில் ரப்பருக்கு முன்னாலேயே நொறுங்குகிறது. ரப்பர் கெட்டாலும் முழு பிளேடையும் எறிய வேண்டும். சில பிளாட் வகைகளுக்குத் தனி ரப்பர் உண்டு. பொள்ளாச்சிக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. வளைந்த ஒற்றைக் கண்ணாடியோடு வரும் புது வண்டியை வீடாக மாற்றியிருந்தால் இந்தப் பத்தியை நீங்கள் பாதியாகத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

சிலிக்கோன்தான் என்னைத் தடுமாற வைத்தது. ஓசோனும் புற ஊதாவும் அதைச் சீக்கிரம் அசைக்க முடியாது. நின்று கெடும் வண்டிக்கு ஏட்டளவில் அதுவே சரியான பதில். துடைக்கத் துடைக்க மெல்லிய படலம் ஒன்றைக் கண்ணாடியில் விட்டுச்செல்வதால் மழைநீர் மணிமணியாக உருண்டு ஓடுகிறது. பகலில் பார்க்க அத்தனை சுகம். இரவில், கண்ணாடி எண்ணெய்ப்பசை இல்லாமல் சுத்தமாக இல்லாவிட்டால், அதே படலம் எதிர்விளக்கில் மங்கலாக மினுங்குகிறது, வைப்பரும் துள்ளுகிறது. விலையும் சாதாரண ரப்பரைப்போலப் பல மடங்கு. நான் ஓட்டியது ஒரு மழைக்காலம் மட்டுமே. அதன் உண்மையான பலம் இரண்டாவது மூன்றாவது ஆண்டில் தெரிவது. ஆகவே வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வீட்டு வாசலில் கூரை இல்லாமல் வண்டியை நிறுத்துபவர், கண்ணாடியைத் துடைப்பதில் சோம்பல் இல்லாதவர், முயன்று பார்க்கலாம்.

எந்த பிளேடாக இருந்தாலும் ஆர்மின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பணம் தண்டம். பழைய பஸ்ஸில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேடு மாட்டும் இடத்தில் ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் கோத்து, கண்ணாடியைவிட்டுக் கிளம்பும் அளவுக்கு இழுத்தால் அழுத்தம் தெரியும். ஒரு சென்டிமீட்டர் பிளேடுக்குச் சுமார் 15 கிராம் என்பது பொதுக்கணக்கு. 70 சென்டிமீட்டர் பிளேடுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் பாதிதான் வருகிறது என்றால் புது ஆர்ம் வாங்குங்கள். வைப்பரைக் கண்ணாடியோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும் வித்தை வேண்டாம், மோட்டார் கூலி கேட்கும். ஆர்ம் முறுக்கியிருந்தாலும் துள்ளல் வரும்: பிளேடு பாதி வழியில் நிற்கும்போது ரப்பர் கண்ணாடிக்கு நேர்க்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்திருந்தால் இரண்டு ஸ்பேனரை வைத்து ஆர்மை மெல்லத் திருப்பி நேராக்கலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புறப்படுவதற்கு முன் ஈரத்துணியில் சோப்பு நீர் தொட்டு ரப்பரின் இதழை நீளவாக்கில் துடைத்தால், துணியில் கறுப்பு வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் துடைக்கும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. ரப்பர் ஊதி வளைந்துவிடும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். பூச்சி ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் துடையுங்கள். நிறுத்தி வைக்கும்போது ஆர்மைத் தூக்கி நிறுத்துவதா என்பதில் மெக்கானிக்குகள் ஒத்துப்போவதில்லை. தூக்கினால் இதழ் மடியாது, ஆனால் ஸ்பிரிங் இழுபட்டே நிற்கும். நான் தூக்குவதில்லை. கண்ணாடியின் மேல் வெளியிலிருந்து தடித்த துணி உறை போட்டு, அது வைப்பரையும் சேர்த்து மூடும்படி கட்டிவிடுகிறேன்.

வீடாக்கிய பஸ்ஸுக்கே உரிய ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது: தாளிப்பு. உள்ளே அடுப்பு எரியும் வண்டியில் எண்ணெய் ஆவி முன் கண்ணாடியின் உட்புறம் படிகிறது. மழையில் அதன் மேல் மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்தால் எந்த வைப்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. புது பிளேடு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், உட்புறக் கண்ணாடியில் ஒரு விரலை இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் வாங்க வேண்டியது சோப்பு.