ஸ்வாப் போதவில்லை: பழைய எல்வியை நீட்டுவதா, புதிதாக ஒன்று சேர்ப்பதா?

லினக்ஸ் சர்வரில் ஆரக்கிள் 19சி டேட்டாபேஸை நிறுவப் போனால், ஸ்வாப் (ரேம் போதாதபோது கெர்னல் வட்டில் பயன்படுத்தும் இடம்) குறைவாக இருப்பதை இன்ஸ்டாலர் சட்டென்று சுட்டிக்காட்டிவிடும். ரேம் 2 முதல் 16 ஜிபிக்குள் இருந்தால் அதே அளவு ஸ்வாப், அதற்கு மேல் போனால் 16 ஜிபி என்பது அதன் கணக்கு. தேவை 16 ஜிபி, சர்வரில் இருக்கும் ஸ்வாப்போ 4 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். மீதி 12 ஜிபிக்கு என்ன செய்வது? இருக்கும் ஸ்வாப் எல்வியை (லாஜிக்கல் வால்யூம், எல்விஎம் வட்டிலிருந்து பிரித்துத் தரும் பகுதி) நீட்டலாம், பக்கத்திலேயே இன்னொரு எல்வி போடலாம், இல்லை ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு ஸ்வாப் ஃபைல் வைக்கலாம்.

கை முதலில் போவது நீட்டும் பக்கம்தான். ரூட், ஹோம் எல்விகளை நீட்டிப் பழகியவர்களுக்கு அது சுகமான வேலை. எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையோடு ரீசைஸ்எஃப்எஸ் ஆப்ஷனையும் கொடுத்தால் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே மவுண்டில் இருக்கும்போதே வளர்ந்துவிடும். ஸ்வாப் அப்படி வளராது. அதன் அளவு, ஸ்வாப்பைத் தயார் செய்யும் எம்கேஸ்வாப் கட்டளை எழுதி வைத்த ஹெட்டரில் இருக்கிறது. ஸ்வாப்ஆன் கட்டளையால் ஸ்வாப்பை இயக்கும் நேரத்தில் கெர்னல் அந்த ஹெட்டரை ஒருமுறை படிப்பதோடு சரி. அடியில் எல்வி 16 ஜிபி ஆகியிருந்தாலும் ஸ்வாப் 4 ஜிபியாகவே நிற்கும். அதனால் ஸ்வாப்ஆஃப், எல்விஎக்ஸ்டெண்ட், எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் என்று நான்கு படிகள்.

ஆபத்து முதல் படியில் இருக்கிறது. ஸ்வாப்ஆஃப் என்றால், வெளியே தள்ளப்பட்ட மெமரி பக்கங்களை எல்லாம் மறுபடி ரேமுக்குள் இழுக்க வேண்டும். ஸ்வாப்பில் 3 ஜிபி இருக்க, ரேமில் 1 ஜிபிதான் தேறும் என்றால் கட்டளை தோற்றுப்போகலாம். நெருக்கடி முற்றினால், மெமரி தீரும்போது புராசஸ்களைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் ஏதாவது ஒரு புராசஸைச் சாய்த்துவிடலாம். மெமரி பற்றாமல் திணறும் சர்வரில் இருக்கிற ஸ்வாப்பையும் அணைப்பது என்ன நியாயம்? மாறாக, இன்ஸ்டாலரைத் திருப்திப்படுத்தத்தான் கூட்டுகிறோம், ஸ்வாப் பயன்பாடு பூஜ்யம் என்றால் தாராளமாக நீட்டலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: எம்கேஸ்வாப் புது யூயூஐடி (அடையாள எண்) போடும். பூட்டில் எவற்றை ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் பழைய யூயூஐடி எழுதியிருந்தால் அடுத்த பூட்டில் ஸ்வாப் வராது.

இந்த இடத்தில் ஐபிஎம்மின் யுனிக்ஸான ஏஐஎக்ஸ் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். அங்கே சிஎச்பிஎஸ் கட்டளையில் எச்டி6 என்ற பேஜிங் ஸ்பேஸுக்கு (ஸ்வாப்புக்கு அங்கே அந்தப் பெயர்) எத்தனை லாஜிக்கல் பார்ட்டிஷன் (எல்வியின் அலகு) கூட்ட வேண்டும் என்று சொன்னால் போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேஜிங் ஸ்பேஸ் வளரும். கொடுக்கும் எண் எம்பி கணக்கில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது: பார்ட்டிஷன் அளவு 256 எம்பி என்றால் 4 என்பது 1 ஜிபி. குறைக்கும்போது ஏஐஎக்ஸ் செய்வது இன்னும் சுவாரசியம். தற்காலிகமாக ஒரு பேஜிங் ஸ்பேஸை உருவாக்கி, பழையதை அணைத்துச் சுருக்கி, மறுபடி ஏற்றிவிட்டுத் தற்காலிகத்தை நீக்கும். லினக்ஸில் நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இதே தந்திரத்தைக் கையால் செய்யலாம்: முதலில் ஒரு ஸ்வாப் ஃபைலை ஏற்றுங்கள், அப்புறம் எல்வியை அணையுங்கள்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. வால்யூம் குரூப்பில் (எல்விகளுக்கு இடம் தரும் வட்டுத் தொகுப்பு) இடம் இருந்தால் 12 ஜிபிக்குப் புது எல்வி, அதில் எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், எஃப்எஸ்டேபில் ஒரு வரி. எதையும் அணைக்கத் தேவையில்லை. இரண்டு ஸ்வாப் இருந்தால் அசிங்கம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கெர்னலுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. இரண்டுக்கும் ஒரே பிரையாரிட்டி கொடுத்தால் பக்கங்களை மாறி மாறி எழுதும். தனித்தனி வட்டுகளில் இருந்தால் அது லாபம்கூட.

வால்யூம் குரூப்பைக் காட்டும் விஜிஎஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் காலி இடம் பூஜ்யம் என்று வருவதும் சகஜம். ரெட் ஹாட் இன்ஸ்டாலரில் தானியங்கிப் பிரிப்பை ஏற்றுக்கொண்டால் ரூட்டும் ஹோமும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கின்றன. ஹோமைக் குறைக்கலாம் என்றால் அது எக்ஸ்எஃப்எஸ், சுருக்க முடியாது. விர்ச்சுவல் மெஷின் என்றால் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து வால்யூம் குரூப்பை நீட்டுவது எளிது. அதற்கும் வழியில்லாதபோதுதான் ஸ்வாப் ஃபைல். வேகம் குறையும் என்ற பழைய பயம் வேண்டாம். ஸ்வாப்ஆன் நேரத்திலேயே கெர்னல் ஃபைலின் பிளாக்குகளைக் குறித்துக்கொண்டு நேராக எழுதுகிறது. உபுண்டுவே 17.04 பதிப்பில் எல்விஎம் இல்லாத நிறுவல்களுக்கு ஃபைலை இயல்பாக்கிவிட்டது. ஃபைலை, இடத்தை ஒதுக்க மட்டும் செய்யும் ஃபாலோகேட் கட்டளையால் உருவாக்காமல் டிடி கட்டளையால் நிரப்புங்கள், ஓட்டை இருக்கிறது என்று ஸ்வாப்ஆன் மறுக்காது. ஃபைலின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

இசட்ரேமை நான்காவது வழியாகச் சொல்வார்கள். ஃபெடோரா 33 முதல் அதுதான் இயல்பு. ஆனால் அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது. டேட்டாபேஸ் சர்வரில் ரேமே நெருக்கடி என்றால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

புது எல்வி வந்தபின் பழையதை நீக்க ஆசை வந்தால் முதலில் பூட் லோடரான கிரப்பின் அமைப்பைத் திறந்து பாருங்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் பழைய ஸ்வாப் எல்வியின் பெயர் கெர்னல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றாமல் எல்வியை அழித்தால், அடுத்த ரீபூட்டில், பூட்டின் தொடக்கத்தைக் கவனிக்கும் டிராகட் அந்த எல்விக்காகக் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி ஷெல்லில் கொண்டுபோய் விடும்.