கம்பியா, ஒலியலையா: கை நடுக்கத்துக்கு யாருக்கு எது?

பார்கின்சன் வந்து ஆறேழு வருஷமானவர் இருக்கும் வீட்டில் எப்படியும் இரண்டு வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஒன்றில் நெஞ்சுக்குள் பதித்த கருவியை அணைக்கிறார்கள், கை ஆடுகிறது. திரும்பப் போடுகிறார்கள், நிற்கிறது. இன்னொன்றில் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் போய் வந்தவர், கத்தியே படாமல், டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்கிறார். இரண்டும் நிஜம். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கான வைத்தியம் இல்லை. அதை மட்டும் வீடியோவில் சொல்லமாட்டார்கள்.

முதலாவது டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல். மூளைக்குள் மெல்லிய கம்பிகள், காரை எலும்புக்குக் கீழே பேட்டரி. முன்பெல்லாம் அடங்காத நடுக்கத்துக்கு மூளையில் குறிப்பிட்ட புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். சுடுமுன் இடம் சரிதானா என்று பார்க்கக் கொஞ்சம் மின்சாரம் கொடுப்பது வழக்கம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் அந்தத் துடிப்பை நொடிக்கு நூறு என்ற அளவுக்கு ஏற்றியபோது, சுடாமலேயே நடுக்கம் நின்றது. 1987-ல் கம்பியை உள்ளேயே நிரந்தரமாக விட்டு, அதை ஒரு சிகிச்சையாக்கத் தொடங்கினார். சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் சுட்டழிக்கும் காலத்திலேயே இந்த வகை அறுவையில் பெயர் பெற்றவர்கள். கனகா 1970களிலேயே மூளைக்குள் மின்முனை பதித்தவர்.

இரண்டாவது, குவித்த ஒலியலை. புதுசு மாதிரி தெரிந்தாலும் வேலை அந்தப் பழைய சுடுதல்தான். கத்திக்குப் பதில் ஒலி. தலையை மழித்து, காந்தம் இழுக்காத சட்டத்தைத் திருகிப் பொருத்தி, குளிர்ந்த நீர் ஓடும் தொப்பிக்குள் 1,024 ஒலிமுனைகளை ஒரே புள்ளிக்குத் திருப்புகிறார்கள். ஆள் விழித்தே இருக்கிறார். முதலில் இளஞ்சூடு; அவர் அட்டையில் சுருள் வரைந்து காட்டுகிறார், பேசிக் காட்டுகிறார். வாய் குழறினால் புள்ளியை நகர்த்துவார்கள். சரியாக அமைந்தால் 55 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்த இடத்தை நிரந்தரமாக அழிப்பார்கள். அமெரிக்காவில் இதற்கு 2016-ல் அனுமதி கிடைத்தது, அதுவும் முதலில் பார்கின்சனுக்கு அல்ல. காரணம் பிடிபடாமல் வரும் 'எசென்ஷியல்' நடுக்கத்துக்கு.

நோய் எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரர், கையெழுத்தும் காபி டம்ளரும்தான் பிரச்சினை, நடுக்கத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனோலோல் மாத்திரைக்கும் கேட்கவில்லை, மயக்க மருந்தைத் தாங்கும் இதயமும் இல்லை என்றால் நான் ஒலியலைப் பக்கம்தான். பேட்டரி, கம்பி, தொற்று என்ற கவலையே கிடையாது. ஆனால் சிலரது மண்டையோடு ஒலியை உள்ளே விடாது, அதை சி.டி. ஸ்கேனிலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்ய மாட்டார்கள், பேச்சும் நடையும் கெடலாம் என்பதால். விரல் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், பெரும்பாலும் சில மாதத்தில் தணியும். தணியாவிட்டால் திருப்பி எடுக்க வழியில்லை.

பார்கின்சன் வேறு கதை. மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் ஓடியாடுவது, அப்புறம் கல்லாய் உறைவது, நடுவில் உடம்பு தானாக நெளிவது: இது இரு பக்கத்து நோய், வருஷா வருஷம் மாறும் நோய். மாற்றியமைக்க முடிந்த கருவிதான் இதற்குத் தோது. கம்பியைப் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் சப்தலாமிக் கரு என்ற சிறு பகுதியில் வைப்பார்கள், மாத்திரையைப் பாதியளவுக்குக் குறைக்கலாம். மறதியோ மனச்சோர்வோ முன்பே இருந்தால் உள் பாலிடம் என்ற இடம் கொஞ்சம் பத்திரம். ஆனால் அங்கே வைத்தால் மாத்திரை அவ்வளவு குறையாது. ஐரோப்பாவில் 251 பேரிடம் நடந்த 'எர்லிஸ்டிம்' ஆய்வு 2013-ல் வெளியானது. மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, சிரமம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கருவி வைத்தவர்களின் அன்றாட வாழ்வு மேலாக இருந்தது. கடைசிப் புகலிடமாகத்தான் அறுவை என்ற நினைப்பை அது ஆட்டிவிட்டது.

தகுதியைத் தீர்மானிப்பது ஸ்கேன் அல்ல, ஒரு காலைநேரச் சோதனை. முந்தின இரவிலிருந்து மாத்திரை கிடையாது. விறைத்துப்போய் வருபவரை நரம்பியல் மருத்துவர் விரல் தட்டச் சொல்கிறார், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்கிறார், நடக்கவிட்டு மதிப்பெண் போடுகிறார். பிறகு பார்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அதே சோதனை. மதிப்பெண் மூன்றில் ஒரு பங்காவது முன்னேற வேண்டும். மாத்திரைக்கு அசையாதது கம்பிக்கும் அசையாது. நடுக்கம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. மாத்திரை போட்ட பிறகும் விழுந்துகொண்டே இருப்பவர், பேச்சே எழும்பாதவர், ஞாபகம் மங்கியவர் ஆகியோரிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

கம்பி வைக்கும் அறுவையில் மூளைக்குள் ரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு நேரலாம், தொற்றும் வரலாம். செலவு பல லட்சம். சாதா பேட்டரியை மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். சார்ஜ் செய்வது கூடுதலாக உழைக்கும், ஆனால் வீட்டில் யாராவது மறக்காமல் சார்ஜ் போட வேண்டும்.

அறுவைக்குப் பின்தான் நரம்பியல் மருத்துவரின் வேலை தொடங்குகிறது. எந்த முனை, எத்தனை மில்லி ஆம்பியர் என்று படிப்படியாக ஏற்றுவார். வாய் கோணினால், நாக்கு தடித்தால் மின்சாரம் பக்கத்துப் பாதைக்குக் கசிகிறது என்று பொருள். புரோகிராமிங் எனப்படும் இந்தச் சீரமைப்பு மாதக்கணக்கில் நீளும். ஊரிலிருந்து எட்டு மணி நேரப் பயணம், கூட வர ஆளில்லை என்றால் இந்த ஒரு காரணமே முடிவை மாற்றிவிடலாம். கட்டணம் பேசுமுன், புரோகிராமிங் செய்யப்போவது யார், வெள்ளிக்கிழமை ராத்திரி கருவி நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவி வைத்தவர் மூட்டுவலிக்கென்று பிசியோதெரபிக்குப் போனால், உடம்புக்குள் சூடேற்றும் டயாதெர்மி சிகிச்சையை, ஷார்ட்வேவ் உட்பட எந்த வகையிலும், கொடுக்கவே கூடாது: கம்பிமுனை சூடேறி மூளை வெந்துவிடும். கருவி அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.