பினாங்கு ஈரத்தில் மடக்குக் கத்திகள்: எது எங்கே காலை வாரும்?

மடக்குக் கத்தி வாங்கி நொந்துபோனவர்களைக் கேட்டால் முதலில் வரும் பதில், "கூர் நிற்கவில்லை." கூர் போவதெல்லாம் ஒரு குறையே இல்லை. எந்தக் கத்திக்கும் போகும், ஒரு தீட்டுக்கல்லும் பத்து நிமிடமும் இருந்தால் திரும்ப வரும். கத்தியை மேசை இழுப்பறையில் நிரந்தரமாகத் தூங்க வைப்பது அலகும் பிடியும் சேரும் மூட்டுதான். பழச்சாறு அங்கேதான் இறங்குகிறது, சட்டைப்பை வியர்வை அங்கேதான் தங்குகிறது. பினாங்குக் கடலோர ஊர்களான தஞ்சோங் பூங்காவிலோ பத்து ஃபிரிங்கியிலோ கடலைப் பார்த்தபடி வீடிருந்தால் உப்புக்காற்றும் அங்கே போய் உட்காரும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டு எழுதும் மதிப்புரைகளில் இந்தச் சங்கதி வராது. அதனால் இங்கே ஒவ்வொரு கத்தியையும் அதன் மூட்டின் தரத்தை வைத்தே எடைபோடுகிறோம்.

முதலில், அதிகம் பேர் வாங்குவதும் அதிகம் பேர் திட்டுவதுமான கத்தி. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் இருபது, முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கறுப்புக் கத்தி. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறக்கும், இடுப்பில் மாட்டக் கிளிப் இருக்கும், சீட்பெல்ட் அறுக்க ஒரு கொக்கியும் கண்ணாடி உடைக்க ஒரு முனையும் கூடவே வரும். இதில் இருப்பது தகடுப் பூட்டு. பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டின் ஒரு கீற்று ஸ்பிரிங் போல நகர்ந்து, திறந்த அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். நல்ல அமைப்புதான். ஆனால் அந்தக் கீற்றும் அலகின் அடிப்பாகமும் சந்திக்கும் சரிவு துல்லியமாக இருந்தால் மட்டுமே அது பூட்டு. மலிவுக் கத்திகளில் செலவைக் குறைப்பது இந்த இடத்தில்தான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். கத்தியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்து, அலகின் அடிப்பாகத்தின் அகலத்தில் எவ்வளவு தூரம் கீற்று ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கால்வாசியிலிருந்து பாதிவரை என்றால் வாங்கலாம். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தும்போது நழுவி, அலகு விரல்மேல் மூடும். புதிதிலேயே எதிர்ப்பக்கத் தகடுவரை போய்விட்டதென்றால், தேய்ந்தால் நகர இடமில்லை என்று அர்த்தம். அடுத்து, அலகு திரும்பிவரும் பாதையில் விரல் எதுவும் இல்லாமல் பிடியைப் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அலகு ஆடுகிறது என்று சொல்பவர்கள் எந்தத் திசையில் ஆடுகிறது என்று சொல்வதில்லை. பக்கவாட்டில் ஆடினால் பயமில்லை. அச்சுத் திருகாணியைச் சரியான நட்சத்திரத் தலைத் திருப்புளியால் எட்டில் ஒரு பங்கு சுற்று முறுக்கினால் நிற்கும். பெரும்பாலும் டி8 அளவு, கிளிப்புக்கு டி6. மறுபடி மறுபடி தளர்ந்தால் திருகாணியைக் கழற்றி மரையில் நீலநிற லாக்டைட் பசை ஒரு பொட்டு வைத்து மாட்டவும். சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டினால்தான் கழலும். மேலும் கீழும் ஆடினால் கதை வேறு: பூட்டு முகமோ, அலகு முட்டி நிற்கும் ஆணியோ தேய்ந்துவிட்டது. அதை எந்தத் திருகாணியும் சரிசெய்யாது. சில மலிவுக் கத்திகளில் அச்சு ரிவெட் அடித்தே வரும். கழற்றிக் கழுவவும் முடியாது, முறுக்கவும் முடியாது. இந்த ஊருக்கு அது ஆகவே ஆகாது.

இனி முள்ளோட்டுப் பழமான டுரியான். அது விளையும் பாலிக் பூலாவில் பருவம் தொடங்கியதும் மடக்குக் கத்திகள் செத்துப்போகும் காலமும் தொடங்குகிறது. பழக்கடைக்காரர் கையில் இருப்பது குட்டையான, தடித்த, மடங்காத கத்தி. அதைப் பழத்தின் அடியில் வரிகள் கூடும் இடத்தில் குத்தி ஒரு முறுக்கு முறுக்குவார், ஓடு வாய் பிளக்கும். அதையே மடக்குக் கத்தியில் செய்தால் முறுக்கு முழுவதும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அச்சாணியில் விழுகிறது. அதன் இருபக்கமும் இருக்கும் நைலான் வாஷர்கள் ஒருபக்கமாக நசுங்குகின்றன, உள்தகடு சற்று வளைகிறது. பழம் திறந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் அப்போது எதுவும் தெரியாது. மூடிப் பார்க்கும்போது அலகு நடுவில் உட்காராமல் ஒரு தகட்டோடு உரசி நிற்கும், அலகின் பக்கத்தில் நீளவாக்கில் கீறல் விழ ஆரம்பிக்கும். எத்தனை விலைகொடுத்து வாங்கிய மடக்குக் கத்தியானாலும் டுரியானுக்கு வேண்டாம்.

அலகில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஸ்டெயின்லெஸ்", "சர்ஜிகல் ஸ்டீல்" என்பதற்கெல்லாம் பெரிதாகப் பொருள் கிடையாது. வெறும் "440" என்றிருந்தால் அது 440சி என்று நம்பிவிடாதீர்கள். 440சியில் கரிமம் ஏறக்குறைய 1 சதவீதம், 440ஏயில் அதைவிடக் குறைவு. நல்ல எஃகைப் போட்டவர் அந்தக் கடைசி எழுத்தை விட்டுவைக்க மாட்டார். மலிவில் அதிகம் வரும் 3சிஆர்13 மென்மையான எஃகு. எளிதில் துரு பிடிக்காது, சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூரும் ஏறும். அலையலையாக டமாஸ்கஸ் கோலம் போட்ட மலிவுக் கத்திகளில் அந்தக் கோலம் பெரும்பாலும் லேசரால் வரைந்தது. மெல்லிய உப்புத்தாளால் ஓரமாகத் தேய்த்தால் போய்விடும். கறுப்புப் பூச்சு உள்ளவற்றில் கீறல் விழுந்த இடத்தில் பூச்சுக்கு அடியிலேயே துரு படரும், வெளியே தெரியும்போது குழி விழுந்திருக்கும். பாதி ரம்பப்பல் வைத்த அலகை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அழுத்தி வெட்டக் கை போகும் அடிப்பகுதியைப் பல் பிடித்துக்கொள்கிறது, அதைச் சாதாரணக் கல்லில் தீட்டவும் முடியாது.

இந்த ரகத்துக்கு அடுத்த படியில் இருப்பவை இணையத்தில் வாங்கும் டி2 எஃகுக் கத்திகள். பிடி கண்ணாடியிழைப் பலகை, அச்சில் பித்தளை நிற வாஷரோ பால் பேரிங்கோ, எல்லாத் திருகாணியும் கழலும். மூட்டு விஷயத்தில் பசார் மாலாம் கத்தியோடு ஒப்பிடவே முடியாது, அவ்வளவு மேல். ஏமாற்றம் எஃகில் வருகிறது. டி2இல் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு உண்டு, கரிமம் 1.5 சதவீதம். அந்தக் கரிமம் குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பைடாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. கூர் நன்றாக நிற்கும். ஆனால் எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடக்கிவைத்தால் மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளிகள். பெட்டி, கயிறு, பிளாஸ்டிக் பட்டைக்கு டி2. சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அட்டைப்பெட்டி மட்டும்தான் வேலை என்றால் இத்தனையும் எதற்கு? அட்டை எந்த எஃகையும் மழுக்கும். 1956இல் ஜப்பானில் பிறந்த, முனையை ஒடித்து எறியும் கத்தி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

இப்போது ஓப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் தொடங்கியது, 1955இல் அலகை நிலைநிறுத்தும் சுழலும் பூட்டு வளையம் வந்தது. எட்டாம் எண்தான் எல்லோரும் வாங்குவது: அலகு 8.5 சென்டிமீட்டர், எடை ஐம்பது கிராமுக்குள். அலகின் தடிமன் இரண்டு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது, அதனால் மாம்பழமோ கொய்யாவோ சீவுவதில் இதற்கு ஈடில்லை. மூன்று மில்லிமீட்டர் தடித்த கறுப்புக் கத்தி கொய்யாவை வெட்டாது, பிளக்கும். பூட்டும் எளிது, வளையம் தேய்ந்து கெடுவது அபூர்வம்.

பிறகு ஏன் இதை வாங்கியவர்களும் புலம்புகிறார்கள்? பிடி பீச் (beech) மரம். மரம் ஈரம் குடித்து உப்பும், அலகு உட்காரும் பிளவு நெருங்கும், கத்தி திறக்காது. மழைக்காலத்தில் ஜார்ஜ் டவுனில் இரண்டு நாள் வெளியே கிடந்தாலே இறுகிவிடும், தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் கேட்கவே வேண்டாம். நகத்தை உடைத்துக்கொள்ளாதீர்கள், இடுக்கியால் இழுத்து அலகைக் கீறாதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் பட்டென்று ஒரு தட்டு தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய வித்தை அது.

நிரந்தரத் தீர்வுக்குக் கைவேலை அரை மணிநேரம்தான், உலரவும் ஊறவும் ஆகும் காலம் தனி. கத்தியை ஒரு வாரம் குளிரூட்டிய அறையிலோ சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவிலோ வைத்து முதலில் உலர்த்தவும். அடுப்பிலோ வெயிலிலோ காயவைத்தால் மரம் வெடிக்கும். பிறகு அலகைத் திறந்து பூட்டி, காலாவதியான வங்கி அட்டை ஒன்றில் 120 எண் உப்புத்தாளைச் சுற்றி, பிளவின் இரு சுவர்களையும் சமமாகத் தேய்க்கவும். அச்சுக்கு அருகில்தான் இறுக்கம் அதிகம், அங்கே கூடுதலாகத் தேய்க்க வேண்டும். தூளைத் தட்டிவிட்டு, உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெயைப் பிளவிலும் அச்சுப்பக்கமும் தாராளமாக ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைக்கவும். எண்ணெய் குடித்த மரம் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் குடிக்காது.

கரிம எஃகா, துருப்பிடிக்காததா? ஓப்பினெல்லில் இரண்டும் உண்டு. வறண்ட ஊரில் இருப்பவருக்குக் கரிம எஃகைச் சொல்லலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஸ்வீடனின் துருப்பிடிக்காத 12சி27 எஃகு அலகையே வாங்குங்கள். கரிம எஃகு எலுமிச்சை, புளி, அன்னாசி பட்டவுடன் கறுக்கும், நறுக்கிய பழத்தில் இரும்பு வாடை ஏறும். சாம்பல் நீலமாகக் கறுப்பது தீங்கில்லை, செம்பழுப்பு வந்தால்தான் துரு. அந்தக் கறுப்பின் அழகுக்காகவே வாங்குபவர்கள் உண்டு, அவர்களுக்கு இது ஏமாற்றம் ஆகாது.

சுவிஸ் ராணுவக் கத்தி செய்யும் விக்டரிநாக்ஸ் இதற்கு நேர் எதிர். 91 மில்லிமீட்டர் சிவப்புக் கத்தியின் எஃகு, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 56 பக்கம், டி2 அளவுக்குக் கூர் நிற்காது. ஆனால் ஈரத்துக்கு அசராது. மாம்பழச் சாறு மூட்டில் காய்ந்து எல்லாக் கருவியும் இறுகிப்போனாலும், வெதுவெதுப்பான நீரில் முக்கி ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடி, உலரவிட்டு, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் புதுசு போல ஓடும். ஓப்பினெல்லை இப்படி முக்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கழற்றாமலே கழுவ முடிவதுதான் இதன் பலம்.

இதில் ஏமாறுபவர்கள் இரண்டு வகை. ஒன்று, பெரிய அலகுக்குப் பூட்டு இல்லை என்பதைக் கவனிக்காதவர்கள். முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்து வைத்திருக்கிறது. இழுத்து வெட்டும்போது அது போதும், குத்தித் துளைபோடப் போனால் விரல்மேல் மடங்கும். துளைக்கு முதுகிலுள்ள ஊசிக்கருவியைப் பயன்படுத்துங்கள், அல்லது பூட்டு உள்ள 111 மில்லிமீட்டர் வரிசைக்குப் போங்கள். மற்றது, கருவிகளின் எண்ணிக்கையில் மயங்குபவர்கள். நான்கு அடுக்குக்கு மேல் போனால் கையில் பிடித்து நறுக்க முடியாது, கால்சட்டைப்பையில் செங்கல் கிடப்பது மாதிரி இருக்கும். பழத்துக்கும் பெட்டிக்கும் திருகாணிக்கும் இரண்டு அடுக்கே தாராளம். அலுமினியப் பிடி போட்ட 84 மில்லிமீட்டர் கேடட், வியர்வைப் பைக்கு இன்னும் பொருத்தம். பல்குச்சியும் சாமணமும் அதில் இல்லை.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் பக் 110, 1964இலிருந்து வருகிறது. முதுகுப் பூட்டு நம்பகமானது. ஆனால் எடை 200 கிராம், பித்தளைப் பூண் நம் வியர்வையில் பச்சை பிடிக்கும், பஞ்சும் தூசியும் பூட்டுப் பள்ளத்தில் அடைந்தால் பூட்டு முழுதாக விழாது. பல்குச்சியால் பள்ளத்தைச் சுரண்டினால் போதும். ஜப்பானின் மிகி ஊர் ஹிகோனோகாமி பார்க்க அழகு, பூட்டும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. பென்சில் சீவவும் கடிதம் பிரிக்கவும் சரி.

எந்தக் கத்திக்கும் எண்ணெய் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயை மூட்டில் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசினாக இறுகும், அந்தப் பிசினில் தூசி ஒட்டும். தேங்காயெண்ணெய் குளிரூட்டிய அறையில் உறையும், சிக்கு வாடையும் வரும். மருந்துக்கடையில் கிடைக்கும், குடிக்கத்தக்க திரவப் பாரஃபின் ஒரு சிறு குப்பி போதும். டபிள்யூடி-40 தெளிப்பான் ஈரத்தை விரட்டும், மசகாக நீடிக்காது, உணவு வெட்டும் கத்திக்கும் வேண்டாம்.

தீட்டுவது: அலகின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து ஏழு மில்லிமீட்டர் தூக்கினால் 20 பாகை கிடைக்கும். 400 எண் கல்லில் ஒரே பக்கத்தை, மறுபக்கம் முழுநீளத்துக்கும் விரல்நுனிக்குப் பிசிர் தட்டுப்படும்வரை தேயுங்கள். பிறகு மறுபக்கம். அடுத்து 1000 எண் கல்லில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து இழுப்பு, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் கூர்விளிம்பு பின்னால் வரும்படி இழுத்துப் பிசிரை எடுங்கள். மலிவுக் கத்தி புதிதிலேயே வெட்டவில்லை என்றால், பெரும்பாலும் தொழிற்சாலை விட்ட பிசிரும் அளவுக்கு மீறித் தடித்த கோணமும்தான் காரணம். இந்த ஒரு தீட்டலில் அது பாதி குணமாகும்.

வெளியே எடுத்துப் போவது பற்றி: மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் ஆபத்தான ஆயுதங்கள் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. பழக்கூடையிலோ கருவிப்பெட்டியிலோ இருக்கும் கத்திக்கும், இரவில் இடுப்பில் கிளிப்போட்டு நிற்கும் கறுப்புக் கத்திக்கும் போலீஸ்காரர் கண்ணில் வித்தியாசம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் தானே விரியும் ரகத்தைத் தொடவே வேண்டாம். விமானத்தில் போவதென்றால் கைப்பையில் வைக்காமல் ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள்.

பழைய கத்தி தேடி லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்கள் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். விக்டரிநாக்ஸ் என்றால் எல்லா அலகும் கடைசியில் டக்கென்று விழுகிறதா, அலகு தேய்ந்து ஒல்லியாகி மூடும்போது நுனி வெளியே நீட்டுகிறதா என்று பாருங்கள். ஓப்பினெல் என்றால் வளையத்துக்கு அடியில் மரத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். தகடுப் பூட்டுக் கத்தி என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பிறர் டுரியான் திறந்து பார்த்த கத்தி என்றே வைத்துக்கொண்டு அச்சைச் சோதியுங்கள்.