டிஜே பிரீமியரா, ஜே டில்லாவா?

ஹிப் ஹாப் பீட், அதாவது ராப்புக்குப் பின்னணியாக ஓடும் இசை, செய்யப் பழகுகிறவர் எந்தத் தயாரிப்பாளரின் இசையை முதலில் கேட்க வேண்டும்? ஹூஸ்டனில் பிறந்து நியூயார்க்கில் பேர் எடுத்த டிஜே பிரீமியருடையதையா, டெட்ராய்ட்காரர் ஜே டில்லாவுடையதையா?

இருவர் கையிலும் அகாய் எம்பிசி சாம்ப்ளர்தான்; ஒலித் துணுக்குகளைப் பதிந்து பட்டன் தட்டி இசைக்கும் கருவி அது. பிரீமியர் பழைய இசைத்தட்டிலிருந்து துணுக்குகளை வெட்டிச் சுழலவிடுவார். டிரம் சுத்தியல் மாதிரி விழும். பல்லவி வரவேண்டிய இடத்தில் மற்ற ராப்பர்களின் வரிகளை ஸ்க்ராட்ச் செய்து, அதாவது இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து, ஒட்டிவிடுவார். ஆதியில் டிஜே அல்லவா!

டில்லா விஷயமே வேறு. அடிகளைத் தானாகச் சீராக்கும் குவாண்டைஸ் வசதியைப் பல இடங்களில் ஒதுக்கிவிட்டு விரலாலேயே தட்டினார். ஸ்னேர் டிரம் மயிரிழை முந்தும், அடித்தொனி தரும் கிக் டிரம் பிந்தும். தாளம் தள்ளாடும், ஆனால் கேட்பவர் தலை தானாக ஆடும். 2006 பிப்ரவரி 7இல், தன் 32ஆவது பிறந்தநாளில், 'டோனட்ஸ்' ஆல்பம் வெளியாகி மூன்றே நாளில் காலமானார்.

யார் யாருக்கு பீட் செய்தார் என்ற வீச்சில் பிரீமியர் கைதான் ஓங்கும்: அவருடைய சொந்தக் குழுவான கேங் ஸ்டார், ராப்பர்கள் நாஸ், ஜே-ஸி, அப்புறம் பாப் பாடகி கிறிஸ்டினா அகிலேரா வரை.

என்னைக் கேட்டால், முதலில் பிரீமியர். ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் துணுக்கு, எப்படி நிற்கிறது என்று பிடிபட்ட பிறகு டில்லாவைத் தொடலாம். அதற்கு முன்பே அந்தத் தள்ளாட்டத்தை நகலெடுத்தால் வெறும் தப்புத்தாளமாகத்தான் வரும்.