ரேவனா, கேட்டலா? சொல்சாரா நுண்ணறிவுச் சோதனைகள்: ஓர் ஒப்பீடு

மொழியின் துணையின்றி நுண்ணறிவை அளக்க வேண்டிய இடங்களில் நெடுங்காலமாகப் பேசப்படும் சோதனைகள் இரண்டு. ஒன்று, பிரித்தானிய உளவியலாளர் ஜான் ரேவன் 1938-இல் வெளியிட்ட, படவரிசையில் விடுபட்ட துண்டைக் கண்டறியச் சொல்லும் 'புரோகிரசிவ் மேட்ரிசஸ்'. மற்றொன்று, உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் 1940-களில் வடிவமைத்த 'கல்ச்சர் ஃபேர்' (எந்தப் பண்பாட்டினருக்கும் நியாயமான) சோதனை. இரண்டும் மும்மூன்று நிலைகளில் கிடைக்கின்றன. எந்தச் சோதனை சிறந்தது என்று வாதிடுவோர் பலர். ஆனால் தவறான நிலையைத் தேர்ந்துவிட்டால், எவ்வளவு சிறந்த சோதனையும் பயன்படாது என்பதே என் கணிப்பு.

ரேவனின் பொது வடிவத்தில் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட ஐந்து தொகுதிகள், ஆக 60 வினாக்கள். முதல் இரண்டு தொகுதிகளில் வினாவுக்கு ஆறு விடைகளும், பின்னுள்ள மூன்றில் எட்டு விடைகளும் தரப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக எட்டரை மதிப்பெண் வந்துவிடும் என்பதால், ஒரு குழந்தை ஒன்பதோ பத்தோ பெற்றிருந்தால் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. இக்குறையைத் தீர்க்க 1947-இல் வந்த வண்ண வடிவம், முதல் இரண்டு தொகுதிகளுக்கு இடையே அவற்றையொத்த எளிய தொகுதி ஒன்றைச் செருகி, 36 வினாக்களோடு நின்றுவிடுகிறது. சிறுவர்களுக்கும் முதியோருக்கும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கும் ஏற்றது இதுவே. இதன் பலகை வடிவத்தில் குழந்தை துண்டை எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம்.

மறுமுனையில், பொது வடிவத்தை ஏறக்குறைய பிழையின்றி முடித்துவிடும் கல்லூரி மாணவர்களைப் பிரித்தறிய உயர்நிலை வடிவம் உள்ளது. அதன் கடினம் எத்தகையது என்பதற்கு ஒரு மாதிரி: ஒன்பது கட்டங்களில், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கூறு இரு கட்டங்களில் இருக்கும், மூன்றாவதில் இராது. 'கூடுகிறது, குறைகிறது' என்றே தேடிப் பழகியவர், இல்லாமையும் விதியின் பகுதிதான் என்பதைக் காணாமல் திகைப்பார். இத்தகைய விதிகள் இரண்டு மூன்று ஒரே வினாவில் பின்னிக் கிடக்கும்போது, அவற்றை நினைவில் ஒருசேரத் தாங்கும் ஆற்றலே திறன்மிக்கவரைத் தனித்துக் காட்டுகிறது என்று 1990-இல் கார்ப்பென்டர், ஜஸ்ட், ஷெல் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் விளக்கினர்.

கேட்டலின் பலம் வேறிடத்தில் உள்ளது. அவருடைய இரண்டாம், மூன்றாம் நிலைகளில் தொடர், வகைப்பாடு, அணி (ரேவனைப் போன்ற கட்டப் புதிர்), நிபந்தனை என நான்கு வகை வினாக்கள் வருவதால், ஒரே வகைப் புதிரில் தேர்ந்தவர் முழு மதிப்பெண்ணையும் அள்ளிச் செல்ல முடியாது. நிபந்தனைப் பகுதியில், வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்கு வெளியேயும் இருக்கும் புள்ளியைக் காட்டி, ஐந்து படங்களுள் எதில் அவ்வாறே புள்ளி வைக்க முடியும் என்று கேட்கின்றனர். ரேவனில் இதற்கு நிகரானது இல்லை. ஆயினும் ஒரு படிவம் முழுவதற்கும் பன்னிரண்டரை நிமிடமே தரப்படுவதால், நிதானமாகச் சரியாகச் சிந்திப்பவர் பின்தங்குவார். சிறுவர்களுக்கான முதல் நிலையின் எட்டு உட்சோதனைகளில் சில, வாய்மொழியாகச் சொல்வதைப் புரிந்துகொள்வதைச் சார்ந்தவை என்பதால், சோதனையின் பெயருக்கு அங்கே அவ்வளவு பொருத்தமில்லை.

பண்பாட்டுச் சார்பின்மை என்ற உரிமைகோரலை இரண்டிலுமே அளவோடுதான் ஏற்க வேண்டும். 1952-க்கும் 1982-க்கும் இடையே நெதர்லாந்தின் பதினெட்டு வயது இளைஞர்கள் ரேவன் வகைச் சோதனையில் ஏறத்தாழ 20 நுண்ணறிவு ஈவுப் (IQ) புள்ளிகள் உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1987-இல் எடுத்துக்காட்டினார். முப்பதாண்டில் மரபணு மாறிவிடுவதில்லை. ஆகவே ஒருவரின் மதிப்பெண்ணைப் பிறரோடு ஒப்பிட உதவும் பழைய அட்டவணையை வைத்து இன்றைய மாணவரை மதிப்பிடுவது இரு சோதனைகளிலும் ஒரேபோலத் தவறாகும்.

பெருங்கூட்டத்தைக் குறுகிய நேரத்தில் வடிகட்ட வேண்டுமெனில் கேட்டல் போதும். தனிநபரின் நிலையே தெரியாதபோது ரேவனின் பொது வடிவத்தில் தொடங்கி, முதல் இரு தொகுதிகளிலேயே பிழைகள் குவிந்தால் வண்ண வடிவத்துக்கும், கடைசித் தொகுதியிலும் பிழை அரிதானால் உயர்நிலை வடிவத்துக்கும் மாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.