உப்புக் காற்றுக்கு எந்த வில்லுக்கத்தி?

கோப்பாயில் எனக்கு ஒரு சின்ன நாற்றுமேடை இருக்கிறது. மாங்கன்று ஒட்டுவேன், தேசிக்குப் பதி வைப்பேன், காலத்தில் முந்திரிகைத் தடியும் நறுக்கிக் கொடுப்பேன். மேடையில் இருந்து செய்கிற வேலைக்குக் கொல்லர் அடித்துத் தந்த கத்தி போதும். ஆனால் உரும்பிராயிலோ நீர்வேலியிலோ ஒருவர் வளவில் நிற்கிற பழைய கறுத்தக்கொழும்பான் மாவில் தடி வெட்டப் போகும்போது, நீட்டிய கத்தியோடு ஸ்கூட்டியில் ஓட முடியாது. மடக்கிக் கைப்பைக்குள் போடக்கூடியது வேண்டும். கடையில் போய் நல்ல வில்லுக்கத்தி இருக்கா என்று கேட்டால், "ஆருக்கு அக்கா, அண்ணைக்கோ?" என்கிறார்கள். எனக்குத்தான், தம்பி.

ரொறன்ரோவில் இருக்கிற என் அண்ணன் மகனுக்குக் கத்திப் பைத்தியம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தன் செல்வங்களில் சிலதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அதில் ராசா, கிறிஸ் ரீவ் கொம்பனியின் செபென்சா. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செய்வது. விலை 400 டொலருக்கு மேல். டொலரை 300 ரூபாய் என்று பிடித்தாலும் ஒரு லட்சத்து இருபதாயிரம் தாண்டும். அந்தக் காசுக்குத் தோட்டக் கிணற்றுக்கு மோட்டர் போடலாம்.

பொய் சொல்லக்கூடாது, கையில் எடுத்தால் வித்தியாசம் தெரிகிறது. பிடி இரண்டு தைத்தேனியத் தகடு. அதில் ஒரு தகட்டையே நீளமாகக் கீறி, அலகு விரிந்ததும் அந்தக் கீறின துண்டு உள்ளே சாய்ந்து பின்னால் முட்டுக்கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். பூட்டென்று தனியாக ஒரு சாமான் இல்லை. இந்த அமைப்பைக் கொண்டுவந்தவரே கிறிஸ் ரீவ்தான். இன்றைக்கு மலிவுக் கத்திகளிலும் அதன் நகல் கிடக்கிறது. அலகில் ஆட்டமில்லை, உரசல் சத்தமில்லை.

"எங்க, ஒரு ஒட்டுக்கிளை சீவிப் பாப்பம்" என்று எடுத்தேன்.

"மாமி, மாம்பால் படும்!" என்று பதறினான்.

மாம்பால் படக்கூடாத கத்தியை யாழ்ப்பாணத்தில் வைத்து என்ன செய்கிறது? கடைசியில் ஒரு தடி சீவ விட்டான். ஒட்டு வேலையில் சீவல் ஒரே இழுப்பில், தட்டையாக, நார் எழும்பாமல் வரவேண்டும். ஒட்டுக்கட்டையின் மாறிழையமும் (பட்டைக்கு அடியில் வளர்கிற மெல்லிய படை) ஒட்டுக்கிளையின் மாறிழையமும் ஒன்றோடொன்று முட்டினால்தான் பிடிக்கும். நடுவில் கிழிசல் இருந்தால் கிளை காய்ந்துபோகும். செபென்சா கூர்தான். ஆனால் அலகு கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் தடிப்பு. பென்சிலளவு தடியில் அது வெட்டுவதிலும் பார்க்கப் பிளப்பதுதான் கூட. பெட்டி உடைக்க, கயிறு அறுக்க இந்தத் தடிப்பு ஒரு குறை இல்லை. எனக்குக் குறை.

இன்னொரு சங்கதி, தீட்டுவது. விலைகூடின அமெரிக்கக் கத்திகள் பலவற்றில் எஸ்30வி, எஸ்45விஎன் என்று உருக்கின் பெயர் பொறித்திருக்கும். 2001இல் குறூசிபிள் என்ற ஆலை, கிறிஸ் ரீவின் யோசனையும் சேர்த்துக் கத்திக்கென்றே ஆக்கியது எஸ்30வி. அதில் வனேடியம் 4 வீதம். வனேடியம் காபனோடு சேர்ந்து உண்டாக்குகிற மணிகள் சாதாரணத் தீட்டுக்கல்லிலும் கடினம். அதனால்தான் கூர் நெடுநாள் நிற்கிறது. அதே காரணத்தால்தான் எங்கள் வீட்டுக் கல்லில் தேய்த்தால் கை நோவதுதான் மிச்சம். வைரத்தூள் ஒட்டின தகடு வேண்டும். கத்தி ஒரு காசு, தகடு இன்னொரு காசு.

பெஞ்ச்மேட் பக்அவுட்டும் பெட்டிக்குள் கிடந்தது. 52 கிராம்தான், பையில் இருப்பதே தெரியாது. ஸ்பைடர்கோ பரா 2 கையில் நன்றாக அமர்கிறது. இரண்டும் 150 டொலருக்கு மேல். நல்ல சாமான்கள்தான், என் கணக்குக்குள் இல்லை.

இனி மலிவுப் பக்கம். முதலில் ஒரு எச்சரிக்கை. இதே பெரிய பெயர்களைப் பொறித்த கத்திகள் இணையக் கடைகளில் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்குக் கிடக்கின்றன. அவை மலிவு மாற்று இல்லை, கள்ளச் சாமான். தெரிந்தவர் ஒருவர் வாங்கியதை எனக்குக் காட்டினார். கொம்பனிப் பெயர் பளிச்சென்று இருந்தது. அலகை விரித்து, விரல்கள் அது மடங்குகிற வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அதன் முதுகை மேசை விளிம்பில் மெல்லத் தட்டினேன். பூட்டு விட்டுவிட்டது. விரல் அங்கே இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வீதிக்குத்தான் போயிருக்க வேண்டும். எந்த வில்லுக்கத்தி வாங்கினாலும் முதல் வேலை இந்தச் சோதனைதான். கான்சோ போன்ற சீனக் கொம்பனிகள் வேறு சாதி. பெரியவர்களின் சாயலில் செய்தாலும் தங்கள் பெயரைத்தான் போடுகிறார்கள். அதை வாங்குவதும் விடுவதும் உங்கள் மனச்சாட்சி.

30 முதல் 60 டொலர் வரையில்தான் இப்போது உண்மையான போட்டி. சீனாவில் யாங்ஜியாங் என்ற ஊர் கத்திக்குப் பேர்போனது. சிவிவி, கியூஎஸ்பி எல்லாம் அங்கிருந்து வருகிறவை. சிவிவியின் எலிமென்டம் என்ற கத்தியை மருமகன் கையில் தந்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் மலிவுக் கத்தி என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு சீரான வேலை. ஒற்றை விரலால் தட்டினால் அலகு விரிகிறது, அலகு லேசாகச் சுழல உள்ளே சின்னக் குண்டுப் போல்கள். கோப்பாய்ச் செம்மண் அந்தப் போல்களுக்குள் போனால் என்ன ஆகும் என்பது தோட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கழற்றித் துடைக்கப் பொறுமை இருந்தால் சரி.

ஆனால் இந்த விலைக் கத்திகள் பலவற்றில் வருகிற உருக்கு டி2. விளம்பரத்தில் அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். கூர் நிற்கும், உண்மை. இது இரும்புத் தகடு வெட்டுகிற அச்சுகளுக்கென்று உருவான உருக்கு. காபன் ஒன்றரை வீதம், குரோமியம் 12 வீதமளவில். 12 வீதக் குரோமியம் இருந்தால் கறள் பிடிக்காதே என்று நினைப்பீர்கள். காபன் இவ்வளவு கூட இருப்பதால் குரோமியத்தில் பெரும்பங்கை அது பிடித்துக்கொள்கிறது; கறளைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம். கனடாவில் வீட்டுக்குள் இருந்து கடிதம் கிழிக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே மூன்று பக்கமும் கடல். வாடைக் காலத்தில் பூட்டின அலுமாரிக்குள் இருக்கிற ஊசியே கறள் கட்டுகிறது. மாம்பாலும் தேசிப்புளியும் பட்ட டி2 அலகைத் துடைக்காமல் வைத்தால் புள்ளி விழும். என் பையில் கிடந்த ஒன்றிலும் விழுந்தது. அது எந்தக் கொம்பனியின் குற்றமும் இல்லை, உருக்கின் குணம்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் இருப்பவர் உருக்கின் பெயரைப் பார்க்கிறபோது கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்க்காமல், கறள் எவ்வளவு தாங்கும், வீட்டுக் கல்லில் தீட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். சுவீடனில் இருந்து வருகிற 12சி27, 14சி28என் இரண்டும் அந்த வகை. காபன் 0.6 வீதமளவில்தான், குரோமியம் 13, 14. இரண்டாவதில் கொஞ்சம் நைதரசனும் சேர்த்திருக்கிறார்கள், கறளுக்கு எதிராக. கூர் சீக்கிரம் குறையும், ஆனால் கல்லில் கொஞ்ச நேரம் இழுத்தால் திரும்பி வந்துவிடும். சீனத்து ருயிக் பி801 14சி28என் அலகோடு வருகிறது. அதன் பூட்டும் செபென்சாவின் அதே வழிதான், தைத்தேனியத்துக்குப் பதிலாக உருக்குத் தகடு. விலை பத்தில் ஒன்றளவு.

ஒன்ராரியோ ராட் 2வைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயர் அமெரிக்கப் பெயர், செய்வது தாய்வானில். மூன்று அங்குல அலகு. டி2விலும் வரும், ஏயூஎஸ்-8 என்ற யப்பான் உருக்கிலும் வரும், இரண்டாவதைத்தான் எடுங்கோ. அழகில்லாத, முரட்டுக் கத்தி. ஏணியில் நின்று ஒரு கையால் கொப்பைப் பிடித்தபடி மற்றக் கையால் பெருவிரலைக் கொடுத்துத் திறக்கலாம். மரமேறுகிற வேலைக்கு நான் இதைத்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் என் கையில் அதிகம் இருப்பது இவை ஒன்றும் இல்லை. பிரான்சின் ஓப்பினெல், எட்டாம் இலக்கம். சவோய் மலைநாட்டில் ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890இல் தொடங்கி வைத்தது. மரப்பிடி, ஒரு அலகு, ஓர் ஆணி, இரண்டு வளையம். அவ்வளவுதான் கத்தி. 1955இல் சேர்த்த வெளி உருக்கு வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். இப்போது வருகிறதை மூடியபடியும் பூட்டலாம், கைப்பைக்குள் தானாகத் திறக்காது. அலகு எட்டரை சென்ரிமீற்றர் நீளம், தடிப்பு 2 மில்லிமீற்றரும் இல்லை. மாந்தடியில் வைத்து இழுத்தால் சீவல் வழுவழுப்பாக வருகிறது. லட்ச ரூபாய்க் கத்தி செய்யாத வேலையை இது செய்வதற்குக் காரணம் உருக்கு இல்லை, மெல்லிசு. மருமகனுக்கு இதைச் சீவிக் காட்டியபோது சிரித்துக்கொண்டு, "அது வேற வேலைக்கு மாமி" என்றான். எந்த வேலைக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

குறைகள் இருக்கின்றன. ஒற்றைக் கையால் திறக்க முடியாது, நகத்தால் இழுக்கவேண்டும். பிடி பீச் (beech) மரம். ஐப்பசி கார்த்திகை மழைக்கு ஊதி அலகை இறுக்கிப் பிடிக்கும். இது பிரான்சிலும் உள்ள பழைய கதை. சவோய்க்காரர் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்களாம், அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு இழுக்கலாம். செய்து பார்த்தேன், சரிவருகிறது. தச்சுப் பட்டறையில் லின்சீட் எண்ணெய் கொஞ்சம் வாங்கி, வெயில் காலத்திலேயே பிடிக்கு ஊறவிட்டுக் காயவைத்தால் அவ்வளவு ஊதாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது.

ஓப்பினெலில் இரண்டு வகை அலகு உண்டு. காபன் உருக்கு அலகு ஒரு மாங்காய் வெட்டினாலே கறுத்துவிடும். கூர் அருமை, இந்தக் காற்றுக்கு ஆகாது. மற்றது இனொக்ஸ் என்று பொறித்தது, 12சி27 உருக்கு. அதுதான் எங்களுக்கு.

விக்ரோறினொக்ஸ் சிவப்புக் கத்தியைப் பற்றிக் கேட்பீர்கள். சுவிஸில் சொந்தமுள்ள வீடுகளில் லாச்சிக்குள் ஒன்றாவது கிடக்கும், எடுத்துப் பாருங்கோ. ஸ்பார்ட்டன் போன்ற சாதாரண வகைகளில் அலகுக்குப் பூட்டு இல்லை, வில்லின் அழுத்தம் மட்டும்தான். நுனியால் குத்துகிற வேலை செய்யாதவரை போதும். கறள் பிடிக்காது, தீட்ட லேசு.

எதை வாங்கினாலும் சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்காதேங்கோ. கொடுவாக்கத்திக்கு அவர் அருமையான ஆள். ஆனால் சில்லின் சூட்டில் மெல்லிய அலகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். தட்டைக் கல்லில் தண்ணீர் தெளித்துக் கையால் தீட்டி, பழைய தோல் பெல்ற்றில் நாலு தரம் இழுத்தால் போதும்.

பரிஸில் இருக்கிறவர்களுக்கு ஓப்பினெல் வாங்கப் பெரிய தேடுதல் இல்லை, சுப்பர் மார்க்கெட்டிலேயே தொங்கும், 15 யூரோ அளவில். சொல்லும்போது "எட்டாம் இலக்கம், இனொக்ஸ்" என்று திருத்தமாகச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் காபன் அலகோடு வந்து நிற்பார்கள். கைப்பையில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அனுப்புகிற பெட்டிக்குள் போடச் சொல்லுங்கோ. இரண்டாகவே கேளுங்கோ. ஒன்றை வந்த கிழமைக்குள் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போவார்.